இறாலை நிறுத்திவிட்டு ஈரல் வாங்கிய கதை

அப்பாவுக்கு 61 வயது. சும்மா பார்க்கலாமே என்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 168 என்று வந்தது. டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, கொழுப்பைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை எங்கள் தெரு சொன்னது. கடலூர் முதுநகரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் என்றால் எதிர்வீட்டுக்காரர் முதலில் சொல்வது "இறாலக் கையால தொடாதீங்க" என்பதுதான். நண்டும் வேண்டாம், கடம்பாவும் (கணவாய்) வேண்டாம், முட்டை மஞ்சள் கருவைப் பார்க்கவே வேண்டாம்.

துறைமுகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்துகொண்டு இறாலை நிறுத்துவது சாதாரண விஷயமில்லை. ஆனால் அப்பா நிறுத்தினார். நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் என்றால், முக்கால் கிலோ கறியும் கால் கிலோ ஆட்டு ஈரலும் வாங்கிக்கொண்டு வந்தார். ஈரல் ரத்தம் ஊற நல்லது, கறி உடம்புக்குப் பலம், இறால்தானே கெட்டது என்று அம்மாவும் சேர்ந்துகொண்டார். இப்படி ஒரு மாதம் ஓடிய பிறகுதான் நான் உட்கார்ந்து உணவுச் சத்து அட்டவணைகளைப் புரட்டினேன். அதில் தெரிந்ததை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வீட்டுக்குச் சந்தை பார்க்கிற ஆள்.

முதலில் கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் வைத்துப் பார்க்கலாம். எல்லாமே சமைக்காத 100 கிராமுக்கு, தோராயமாக. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி, கோழிக்கறி எல்லாம் 55இல் இருந்து 90 மில்லிகிராமுக்குள் வந்து நிற்கின்றன. ஆமாம், எல்லாமே. கோழி நல்லது, ஆடு கெட்டது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. மீன்கள் பெரும்பாலும் 50 முதல் 80. நண்டு 80ஐ ஒட்டி, அதாவது கோழி அளவுதான். இறால் 150. கடம்பா 230. ஒரு பெரிய முட்டையில் 186. பிறகு வருகிறது உள்ளுறுப்பு வரிசை: கோழி ஈரல் 345, ஆட்டு ஈரல் 370, மூளை 1,350. மூளையின் எண்ணைத் தட்டச்சுப் பிழையோ என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை, தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புச் சத்துதான்.

ஆக, கொலஸ்ட்ரால் எண்ணுக்குப் பயந்து இறாலை விட்ட அப்பா, அதைவிட இரண்டரை மடங்கு அதிகம் உள்ள ஈரலுக்குப் போயிருக்கிறார். இதைச் சொன்னதும் "அப்ப ஈரலையும் நிறுத்திடு, கறி மட்டும் போதும்" என்றார். பிரச்சினையே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நம் உடம்பில் புழங்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது, அதிலும் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. சாப்பாட்டில் வருவது கூடினால் பலருக்கு உள் தயாரிப்பும் உறிஞ்சுவதும் கொஞ்சம் குறைந்து சமாளித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கும் 1985இல் நோபல் கொடுத்தார்கள். அந்த ஏற்பிகளை மந்தமாக்குவதில் முக்கியக் குற்றவாளி நிறைவுற்ற கொழுப்பு. ஆறினால் உறைகிறதே, கறிக்குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சாதி. அது அதிகமானால் எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் கொலஸ்ட்ரால் உள்ள சாப்பாடு என்ற பயம் எங்கிருந்து வந்தது? 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்துப் பார்த்தார், ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்தது. முயல் புல் தின்கிற பிராணி, அதன் சாப்பாட்டில் கொலஸ்ட்ராலே கிடையாது, அதனால் அதற்குச் சமாளிக்கவும் தெரியாது. மனிதர்களிடம் விளைவு இருக்கிறது, ஆனால் அவ்வளவு இல்லை. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று அமெரிக்க உணவு வழிகாட்டி வெகுகாலம் வைத்திருந்த எண்ணிக்கை வரம்பு 2015 பதிப்பில் கைவிடப்பட்டது. அதற்காக இஷ்டத்துக்குத் தின்னலாம் என்று அவர்கள் சொல்லவில்லை; நிறைவுற்ற கொழுப்புக்கான வரம்பு அப்படியேதான் இருக்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது நாளுக்கு 22 கிராம். எல்.டி.எல். ஏறியவர்களுக்கு 13 கிராம் அளவில் நிறுத்தச் சொல்கிறது அமெரிக்க இதயச் சங்கம். அப்பாவுக்கான எண் இந்த 13தான். இனி எல்லாவற்றையும் இதோடு ஒப்பிடுவோம்.

கறியில் இருந்து தொடங்கலாம். கடையில் கறி என்று வாங்குவது வெள்ளாடா செம்மறியா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் செம்மறிக் கறிக்கு 100 கிராமில் கொழுப்பு 13.3 கிராம், வெள்ளாட்டுக்கு 3.6. கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம், இரண்டும் தொங்குவது ஒரே கொக்கியில். ஒரு ஆள் 200 கிராம் செம்மறிக் கறி சாப்பிட்டால் கொழுப்பு 26 கிராமுக்கு மேல், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்றது, அதாவது 12 கிராம். அப்பாவின் அன்றைய கணக்கு அந்த ஒரு வேளையிலேயே தீர்ந்தது. ராத்திரி தோசைக்கு மிச்சக் குழம்பு ஊற்றினால் வரம்பு தாண்டியாயிற்று. அதே 200 கிராம் வெள்ளாட்டுத் தொடைக்கறி, கொழுப்பை அரிந்து எடுத்தது என்றால் மூன்று நாலு கிராமோடு போய்விடும்.

நெஞ்செலும்பு, சாப்ஸ் வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் பலிக்காது. அந்தப் பகுதியின் ருசியே கொழுப்புதான். "கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் போடுப்பா" என்று கேட்டு வாங்குகிற கூட்டம் நாங்கள். கடைக்காரரிடம் அதை வேண்டாம் என்று சொன்ன முதல் வாரம் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போது இறால். 200 கிராம் இறாலில் கொலஸ்ட்ரால் 300 மில்லிகிராம், அதை மறுக்க முடியாது. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒரு கிராம்கூட வராது. 1996இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்தார்கள். ஆரோக்கியமான ஆட்களுக்கு மூன்று வாரம் தினம் 300 கிராம் வேகவைத்த இறால். எல்.டி.எல். 7 சதவீதம் ஏறியது, நல்லது என்கிற எச்.டி.எல். 12 சதவீதம் ஏறியது, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு 13 சதவீதம் இறங்கியது. தினம் 300 கிராம் இறால் தின்கிற ஆள் நம் ஊரில்கூட கிடையாது, வாங்கிக் கட்டுப்படியாகாது. வாரம் ஒரு தடவை 100 கிராம் தின்கிறவர் இதற்காகப் பயந்து செம்மறிக்குப் போவது, தூறலுக்குப் பயந்து கெடிலம் ஆற்றில் குதிக்கிற மாதிரி.

ஆனால் அந்த ஆய்வில் வேகவைத்த இறால் என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் இறால் தொக்கு என்றால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்க வேண்டும். இறால் குழம்பு என்றால் ஒரு மூடித் தேங்காய். தேங்காயில் நூற்றுக்கு 33 கொழுப்பு, அதில் 30 நிறைவுற்றது. ஒரு மூடியில் 150 கிராம் பருப்பு தேறினால் 45 கிராம், நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 11. அதாவது ஒரு கிராம்கூட இல்லாத இறாலைச் செம்மறிக்கறிக்குச் சமமாக்கி விடுகிறோம், பழியை மட்டும் இறால் சுமக்கிறது. கொலஸ்ட்ரால் இல்லை என்று எண்ணெய் பாக்கெட்டில் பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 80க்கு மேல் நிறைவுற்றது, பாமாயிலில் ஏறக்குறைய பாதி. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் 14, 17 என்று நிற்கின்றன. குழம்புக்கு நல்லெண்ணெய் ஊற்றிய ஆயா காலத்து வழக்கத்தில் தப்பில்லை, ஊற்றுகிற அளவில் வேண்டுமானால் சொல்லலாம்.

இறால் தலையை உறிஞ்சுகிறவர்கள் மட்டும் யோசிக்கவும். அதன் கல்லீரல் வேலை பார்க்கிற உறுப்பு தலையில்தான் இருக்கிறது, கொழுப்புச் சரக்கும் அங்கேதான். நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் சமாச்சாரமும் அதே ரகம். பரங்கிப்பேட்டை நண்டு வாங்கி வந்தால் எங்கள் வீட்டில் சண்டையே அந்த மஞ்சளுக்குத்தான், இப்போது அப்பா பங்கு எனக்கு. நண்டின் சதை பாவம், கோழியோடு போட்டி போடுகிற நல்ல பிள்ளை. மீன் சினையும் முட்டைதானே, கொலஸ்ட்ரால் மீன் சதையைவிடப் பல மடங்கு. எப்போதோ ஒரு துண்டு என்றால் பரவாயில்லை.

கோழிக்கு வருவோம். கொலஸ்ட்ரால் வந்தவர்களுக்கு எல்லோரும் கொடுக்கிற அனுமதிச் சீட்டு இது. தோல் எடுத்த நெஞ்சுக்கறியில் கொழுப்பு 3 கிராம்தான், தோலோடு தொடை என்றால் 15க்குப் பக்கம். தோல் எடுத்து வாங்கினால் உண்மையிலேயே நல்ல சரக்கு. ஆனாலும் 2019இல் கலிஃபோர்னியாவில் 113 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று கொஞ்சம் யோசிக்க வைத்தது. சிவப்புக்கறி ஒரு கட்டம், கோழி மாதிரி வெள்ளைக்கறி ஒரு கட்டம், பருப்பு, கொட்டை மாதிரிப் புரதம் ஒரு கட்டம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில், நிறைவுற்ற கொழுப்பைச் சம அளவில் வைத்தால் சிவப்புக்கறிக்கும் வெள்ளைக்கறிக்கும் எல்.டி.எல்.லில் வித்தியாசம் தெரியவில்லை; இரண்டுமே பருப்புப் புரதத்தைவிட ஏற்றிவிட்டன. ஆகக் கோழி என்றதும் தினமும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. சாயங்காலம் பீச்சில் விற்கிற பொரித்த கோழியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அங்கே நாம் தின்பது எத்தனையாவது தடவை காய்ந்த எண்ணெய் என்று கடாய்க்குத்தான் தெரியும்.

மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கடலூரைவிடப் புதுச்சேரியில் சுலபமாகக் கிடைக்கும், என் தம்பி அங்கேதான் இருக்கிறான், அவன் கேட்டான். கொழுப்பில்லாத மாட்டுத் தொடைக்கறி செம்மறியைவிட நல்லது. பன்றியில் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் பயங்கரம்: முதுகெலும்புக்கு உள்பக்கத்து மெல்லிய கறியில் 3, 4 கிராம் கொழுப்பு, வயிற்றுப் பகுதியில் 50க்கு மேல். சாசேஜ், சலாமி மாதிரிப் பதப்படுத்திய கறி வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். உப்பு ஒரு பக்கம், 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலின் முதல் பிரிவில் வைத்தது இன்னொரு பக்கம்.

சரி, மீன். நான் ரொம்ப நேரம் செலவழித்தது இதில்தான், ஏனென்றால் எங்களுக்கு வாரத்தில் நாலு நாள் மீன்தான்.

கவலை, மத்தி, காணாங்கத்தை, நெத்திலி. பை நிறைய வாங்கினாலும் வஞ்சிரத்தின் ஒரு துண்டு விலைதான் ஆகும் என்பதால் விருந்தாளி வந்தால் நாம் மறைக்கிற மீன்கள். எண்ணெய்ச் சத்து இவற்றில்தான். மத்தியில் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும், கொழுத்த சமயத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் போகும். மீனைக் கழுவும்போது கையிலேயே தெரியும். அதில் கணிசமான பங்கு ஒமேகா 3 என்கிற நல்ல கொழுப்பு. ஆனால் ஒமேகா 3 எல்.டி.எல்.லைக் குறைக்கிற மருந்து கிடையாது. அது முக்கியமாக டிரைகிளிசரைடைக் குறைக்கும். அப்பாவுக்கு டிரைகிளிசரைடும் 210 இருந்தது. அதற்குப் பெரிய காரணம் மூணு வேளையும் அரிசி, நடுவில் சர்க்கரை போட்டு நாலு டீ என்பது வேறு விஷயம். எல்.டி.எல்.லுக்கு மீன் எப்படி உதவுகிறது என்றால், கறி உட்கார வேண்டிய இடத்தில் மீன் உட்காருவதால். கறியும் தின்று மீனும் தின்றால் அந்த லாபம் கிடையாது.

வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா எல்லாமே நல்ல மீன்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று வளர்வதால் பாதரசம் சேர்வது அதிகம். சுறா அதில் முதல் வரிசை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்பது நம் பக்கத்து வழக்கம், நானே சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. நெத்திலிக்கும் மத்திக்கும் அந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு வேறொரு தொல்லை உண்டு: யூரிக் அமிலம் ஏறி, கால் கட்டைவிரல் வீங்குகிறவர்கள் இந்தச் சின்ன மீன்களையும் ஈரலையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சித்தப்பா இந்த ரகம், அவருக்கு நான் மத்தியைச் சிபாரிசு செய்யவில்லை.

கருவாட்டுக்குக் கொலஸ்ட்ரால் கணக்கு பார்ப்பதே வீண். அதில் பிரச்சினை உப்பு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் வாரா வாரம் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு இறாலுக்குப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

வறுவல் வேண்டும் என்பார்கள். எனக்கும் வேண்டும். தோசைக்கல்லில் ரெண்டு கரண்டி எண்ணெயில் வாட்டி எடுப்பதற்கும் கடாயில் முக்கிப் பொரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மீனுக்கும் மீனுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. இதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. மண்சட்டியில் புளி கரைத்து வைக்கிற சாதாரண மீன் குழம்பை, அதிலும் தேங்காய் அரைக்காமல் வைப்பதை, நான் முதலிடத்தில் வைப்பேன். மறுநாள் ருசி கூடுகிற சாப்பாடு வேறு என்ன இருக்கிறது?

கடைசியில் எங்கள் வீட்டுக்கு நாங்கள் முடிவு செய்தது இது. வாரம் மூன்று நாள் சின்ன மீன், குழம்பாகவோ கல்லில் வாட்டியோ. மாதம் இரண்டு ஞாயிறு இறால் அல்லது நண்டு, தேங்காய் அரை மூடிக்கு மேல் கிடையாது. ஒரு ஞாயிறு தோல் எடுத்த கோழி. ஒரு ஞாயிறு வெள்ளாட்டுத் தொடைக்கறி, அதுவும் நாலு பேருக்கு அரைக்கிலோவுக்குள். மூளையும் ஈரலும் அப்பாவுக்கு இல்லை. மற்ற நாளில் பருப்பு, சுண்டல், கீரை. ஈரலை நிறுத்தியது பற்றி அம்மாவுக்கு இன்னும் வருத்தம், இரும்புச் சத்துக்கு அது நல்ல சாப்பாடு என்பது உண்மைதான், ரத்தசோகை உள்ள இளம்பெண் இருக்கிற வீட்டில் நான் வேறு மாதிரி முடிவு எடுத்திருப்பேன். இதய அடைப்பு ஏற்கெனவே வந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், குடும்பமாகவே எல்.டி.எல். மிக அதிகம் உள்ளவர்கள் முட்டை, இறால் விஷயத்தில் என் பேச்சை விட்டுவிட்டு அவரவர் டாக்டரைக் கேட்பதுதான் சரி. மாத்திரையையும் சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரை எல்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ இறக்கும், சாப்பாடு தனியாக அந்த அளவுக்கு இறக்காது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகுகள் கொண்டுவருகிற கொஞ்சம் மீனுக்கு தேவனாம்பட்டினத்தில் காலையிலேயே கூட்டம் மொய்க்கும், விலையும் ஏறும். அந்தச் சமயத்தில்தான் வீடுகளில் கறி, கோழி பக்கம் சாய்வது. இந்த வருஷம் ஏரி மீன், வளர்ப்பு மீன் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். ஒமேகா 3 கடல் மீன் அளவுக்கு இருக்காது என்றாலும் கறியைவிடக் கொழுப்பு குறைவு. கடல் மீன் தின்று பழகிய வாய்க்குக் கட்லாவை எப்படி ஏற்ற வைப்பது என்பதுதான் தெரியவில்லை, அம்மா அதைச் சேற்று மீன் என்றுதான் சொல்கிறார்.

போன ஞாயிறு துறைமுகத்துக்கு அப்பாவும் வந்தார். கவலை ஒரு கூறு வாங்கிவிட்டுத் திரும்பும்போது கடம்பா வெள்ளை வெளேரென்று கிடந்தது. நின்றுவிட்டார்.

"என்ன அளவுன்னு சொன்ன இதுக்கு?"

"கொலஸ்ட்ராலா? 230 பா."

"அது கிடக்கட்டும், கொழுப்பு எவ்வளவு?"

ஒன்றரை கிராம்கூட இல்லை என்றேன். கால் கிலோ வாங்கினோம்.